ஆட்டிசக் குழந்தைகளின் அச்சத்துக்கும் சிகிச்சை உண்டு: இராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களுக்கும், முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும் பாம்பனிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது.

நான் ஒரு தமிழாசிரியை. பன்னிரண்டு வயதாகும் என் மகளுக்கு நான்கு வயதில் ஆட்டிசம் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். அரசுப் படிவங்களில் அவளைப் போன்றவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வரும். பாம்பன் துறைமுகத்தில் எந்த நாளில் எந்த எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்பதை நாட்குறிப்பில் குறித்து வைத்திருக்கும் பெண் அவள். புற உலகைப் பற்றி அவள் சிந்திப்பதில் பாதிகூட நான் சிந்திப்பதில்லை. சொல்லைத் திருத்துவது இன்னொரு நாள் வேலையாக இருக்கட்டும். இந்த மடலை எழுதுவது ஆட்டிசத்துக்காக அன்று. ஆட்டிசத்தோடு சேர்ந்து வந்து, ஆட்டிசத்தின் பெயரிலேயே கணக்கெழுதப்பட்டு, சிகிச்சை பெறாமலே நின்றுவிடுகிற அச்சத்துக்காக. அந்த அச்சத்தைக் குறைக்கும் சிகிச்சை முறை ஒன்று உலகில் இருக்கிறது. அது நம் மாவட்டத்துக்குள்ளேயே, தமிழிலேயே கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

மூன்றாண்டுகளுக்கு முன் என் மகள் பள்ளிக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்குச் செல்லும் வழியில், படகுகளுக்கு ஏற்றுவதற்காக ஐஸ் கட்டிகளை உடைக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அது எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்பது கரைக்கு வரும் படகுகளைப் பொறுத்தது. முதலில் அந்த இடம் வந்ததும் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பிறகு அந்தத் தெருவே வேண்டாம் என்றாள். நாங்கள் ஆட்டோவில் சுற்றுவழியாக அழைத்துப் போனோம். அதன்பின் ஆட்டோவும் வேண்டாம் என்றாள். கடைசியில் காலையில் சீருடையைக் கண்டாலே வாந்தி எடுத்தாள். அப்போது நாங்கள் பார்த்த மருத்துவர் ஒருவர், "ஆட்டிசம் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதித் தந்தார். அவள் நாளெல்லாம் தூங்கினாள், எடை கூடியது. சீருடையைக் கண்டதும் வரும் வாந்தி மட்டும் அப்படியே இருந்தது. பள்ளியில் இதற்கு 'அடம்' என்று பெயர் வைத்தார்கள். என் மாமியார் திருஷ்டி என்று சொல்லித் தாயத்துக் கட்டினார். மூன்று தரப்பிலும் இதற்கு அச்சம் என்று பெயர் சொன்னவர் ஒருவர்கூட இல்லை, நான் உட்பட.

அச்சம் என்று சொல்வதற்கு ஆதாரம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. ஆட்டிசத்தை விரிவாக எழுதிய முன்னோடிகளில் ஒருவரான மனநல மருத்துவர் லியோ கானர், 1943 இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரையிலேயே, உரத்த ஓசைகளும் இயங்கும் பொருள்களும் அவர்களைப் பெரும் பீதிக்கு உள்ளாக்கின என்று குறித்திருக்கிறார். தூசி உறிஞ்சும் கருவி, மின்தூக்கி, முட்டை அடிக்கும் கருவி, சில வேளைகளில் காற்றுகூட என்று அவர் தரும் பட்டியலில் எங்கள் ஊர் ஐஸ் இயந்திரத்தையும் சேர்த்துவிடலாம். எதுவும் மாறாமல் இருக்க வேண்டும் என்ற அவர்களுடைய விருப்பத்தைச் சொல்லும்போதும் அவர் அதைப் பதற்றத்தோடு சேர்த்தே சொன்னார். பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2011 இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளிலும் இளையோரிலும் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு, தனியாகப் பெயரிட்டுச் சிகிச்சை அளிக்கத்தக்க பதற்றக் கோளாறு ஒன்றேனும் இருப்பதாகக் கணக்கிட்டது. பத்தில் நால்வர் என்றால் அது 'இப்படித்தான் இருக்கும்' என்று சொல்லிக் கடக்கத்தக்க சங்கதி அன்று. மேலும், இத்தகைய குழந்தைகளுக்குப் பல நேரங்களில் எழுதப்படும் ரிஸ்பெரிடோன் மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006 இல் அனுமதி அளித்தது ஆட்டிசம் உள்ளவர்களின் கடும் எரிச்சலுக்காகவே, அச்சத்துக்காக அன்று. மாத்திரையே கூடாது என்பது என் கட்சி இல்லை. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று பார்த்துத் தர வேண்டும் என்கிறேன்.

நான் குறிப்பிடும் சிகிச்சை முறை, சி.பி.டி. என்று சுருக்கமாக வழங்கும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை. 1960களில் ஆரோன் பெக் மனச்சோர்வுக்காக வகுத்த வழியிலும், அதே காலத்தில் வளர்ந்த நடத்தைச் சிகிச்சையிலும் இதற்கு வேர் இருக்கிறது. நிகழ்வு ஒன்று, அதைப் பற்றி மனத்தில் ஓடும் எண்ணம் ஒன்று, அந்த எண்ணம் உடலிலும் செயலிலும் செய்யும் வேலை ஒன்று என மூன்றையும் பிரித்துக் காணக் குழந்தைக்குக் கற்றுத் தருகிறார்கள். அதன்பின், அஞ்சும் பொருளைச் சிறுசிறு படிகளாக எதிர்கொள்ளச் செய்கிறார்கள். ஒவ்வொரு படியிலும், தான் எதிர்பார்த்த கேடு நிகழவில்லை, நிகழ்ந்தாலும் தன்னால் தாங்க முடிகிறது என்பதைக் குழந்தை தானே கண்டறிகிறது. விலகி ஓட ஓட அச்சம் வளரும் என்பதே இதன் அடிப்படை. எங்கள் ஆட்டோப் பயணம் அன்பினால் செய்ததுதான். ஆனால் ஒவ்வொரு சுற்றுவழியும், 'அந்தத் தெரு உண்மையிலேயே ஆபத்தானது, அதனால்தான் அம்மாவும் அதைத் தவிர்க்கிறாள்' என்று என் மகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. இதை நான் உணர்ந்துகொள்ள ஒன்றரை ஆண்டுகள் ஆயின. அதற்கு மதுரை வரை போக வேண்டியிருந்தது.

மதுரையில் ஒரு உளவியலாளரிடம் இருபது வாரங்கள் போனோம். விடியுமுன் பாம்பனில் பேருந்து ஏறினால் இருட்டிய பின்தான் வீடு திரும்புவோம். ஒரு மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு முழுநாள், என் விடுப்பு, என் கணவரின் ஒருநாள் கடல் வருமானம். இந்தக் கணக்கு எங்களுக்குக் கடினம். கூலிக்குப் படகேறும் குடும்பத்துக்கு நினைத்தே பார்க்க முடியாதது. அந்தச் சிகிச்சையின் முதல் ஐந்து வாரங்கள் வீணாயின என்பதையும் நான் மறைக்கக் கூடாது. அவை வீணானதற்கான காரணம்தான் இந்த மடலின் மையம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஆங்கிலப் பயிற்சி ஏடு ஒன்றைத் தமிழாக்கி வைத்திருந்தார்கள். 'எதிர்மறைத் தானியங்கு எண்ணங்கள்' என்று அதில் ஒரு கட்டம். அதில் என்ன எழுதுவது என்று தமிழ் சொல்லித்தரும் எனக்கே புரியவில்லை. "இப்போது உன் மனதில் என்ன ஓடுகிறது?" என்று கேட்டால் என் மகள் "எதுவும் ஓடவில்லை" என்பாள், மனத்துக்குக் கால் இல்லை என்பது அவள் வாதம். நான் உதவி செய்வதாக எண்ணி, "வயிற்றில் புளியைக் கரைப்பது போல இருக்கிறதா?" என்று கேட்டேன். காலையில் புளிக்குழம்பு சாப்பிடவில்லை என்று பதில் வந்தது. நம் மொழியில் அச்சத்தைச் சொல்ல எத்தனை வழக்குகள்! நெஞ்சு பக்கென்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது, கை கால் ஓடவில்லை, உயிர் போய் உயிர் வருகிறது. மற்ற குழந்தைகள் இவற்றைக் கேட்டுக் கேட்டே தம் உடலின் குறிப்புகளைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். சொல்லைச் சொல்லின் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளும் குழந்தைக்கு இந்த வழக்குகள் ஒரு கதவையும் திறப்பதில்லை. தன் உணர்வைத் தானே இனம்காண்பது ஆட்டிசம் உள்ள பலருக்கு இயல்பிலேயே கடினம் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

ஆறாவது வாரம் அந்த உளவியலாளர் ஏட்டை மூடி வைத்துவிட்டு, என் மகளின் நாட்குறிப்பைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அதுவரை 'ஒன்றிலிருந்து பத்துக்குள் உன் பயம் எவ்வளவு' என்று ஒரு வெப்பமானிப் படத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "உனக்கு இப்போது எத்தனையாம் எண் கூண்டு?" என்று கேட்டார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, அவரைத் திருத்தினாள். கூண்டு எண்களைப் பத்து வரை வரிசையாகக் கூடும் அளவு என்று எண்ணக் கூடாது என்றாள். ஒன்றும் இரண்டும் தொலைவில் இருக்கும் புயலுக்கு. மூன்றும் நான்கும் இந்தத் துறைமுகத்துக்கே ஆன எச்சரிக்கை. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஒரே அளவு அபாயம், துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகப் புயல் கரையைக் கடக்கும் என்பதே வேறுபாடு. எட்டு, ஒன்பது, பத்து பெரும் அபாயம். பதினொன்று என்பது புயலின் அளவைக் குறிப்பதே இல்லை, வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். இதைச் சொல்லிவிட்டு, "ஐஸ் மிஷின் பக்கத்தில் எனக்குப் பதினொன்று" என்றாள். பேச்சு நின்று, கூப்பிட்டாலும் திரும்பாமல், உறைந்து நிற்கும் அந்த நிலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை எந்த ஏட்டிலும் நான் கண்டதில்லை.

அதன்பின் வேலை நடந்தது. மூன்றாம் எண்ணின்போது உடலில் என்ன நடக்கிறது என்று எழுதினாள்: உள்ளங்கை ஈரம், கழுத்துப் பட்டை இறுக்கம். எட்டுக்குப் போனபின் எந்தப் பயிற்சியும் பலிக்காது, மூன்றிலேயே தொடங்க வேண்டும் என்பதைத் துறைமுக உதாரணத்தை வைத்தே புரிந்துகொண்டாள். கூண்டை ஏற்றுவதே படகுகள் முன்கூட்டிக் கரை சேரத்தானே. படிகளை அவளே வரிசைப்படுத்தினாள். இயந்திரத்தின் படத்தைப் பார்ப்பது முதற்படி. அதன் ஓசையைக் கைப்பேசியில் பதிவு செய்து, ஒலியைக் குறைத்து வைத்து, நிறுத்தும் பொத்தான் தன் விரலடியில் இருக்கக் கேட்பது அடுத்தது. இயந்திரம் ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் அந்தத் தெருவில் நடப்பது, தெருமுனையில் நின்று ஓடும்போது கேட்பது என்று ஏறிக்கொண்டே போய், எப்போது ஓடும் என்று தெரியாமலே அந்த வழியாக நடந்து போவது கடைசிப் படி. அந்தக் கடைசிப் படிதான் நோயின் வேர் என்பது நடுவில் ஒருநாள் தெரியவந்தது. அவளுக்கு அச்சம் தந்தது ஓசையைவிட, அது எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதே. அங்கே வேலை பார்க்கும் அண்ணன்கள், கேட்டுக்கொண்டதும், எங்களுக்காக இயந்திரத்தைச் சொன்ன நேரத்தில் நிறுத்தியும் ஓட்டியும் உதவினார்கள். இன்று அவள் அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறாள். சில நாள்களில் காதடைப்பான் மாட்டிக்கொள்கிறாள், அது அவள் உரிமை. ஆட்டிசம் அப்படியே இருக்கிறது. அது போக வேண்டும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

ஒரு வீட்டுக் கதையை வைத்து மாவட்டக் கொள்கை வகுக்க முடியாது என்பதை அறிவேன். அமெரிக்காவின் மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, 7 முதல் 13 வயது வரையுள்ள, ஆட்டிசமும் பதற்றமும் சேர்ந்துள்ள 167 குழந்தைகளிடம் நடத்திய ஒப்பீட்டு ஆய்வின் முடிவுகள் 2020 இல் வெளிவந்தன. பொதுவான சி.பி.டி. பெற்றவர்கள், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிடத் தேறினார்கள். ஆட்டிசத்துக்கு ஏற்ப மாற்றியமைத்த சி.பி.டி. பெற்றவர்கள் அவர்களையும்விட நன்றாகத் தேறினார்கள். அந்த மாற்றங்கள் குழந்தையின் தனி ஈடுபாட்டையே பாடப்பொருளாக்குவது, பேச்சைக் குறைத்துப் படமும் எழுத்தும் கூட்டுவது, பெற்றோரையும் பள்ளியையும் சேர்த்துக்கொள்வது என்பன போன்றவை. எங்கள் ஐந்து வாரங்களுக்கும் ஆறாவது வாரத்துக்கும் இருந்த வேறுபாடுதான் அது. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனமும், சிகிச்சையில் ஈடுபடும் அளவுக்குப் பேச்சும் அறிதிறனும் உள்ள ஆட்டிசக் குழந்தைகளின் பதற்றத்துக்கு இத்தகைய தழுவிய சி.பி.டி.யைக் கருதலாம் என்று 2013 இலேயே பரிந்துரைத்தது. நம் ஊர் மருத்துவர் ஒருவர்கூட இதைக் குறித்து என்னிடம் பேசாதது, அவர் அறியாததாலா, அனுப்புவதற்கு இடம் இல்லாததாலா என்று நான் வழக்காட வரவில்லை.

இம்முறையின் எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் பேசும் திறனுள்ள, கடும் அறிவுத்திறன் குறைபாடு இல்லாத குழந்தைகளிடம், மேலைநாடுகளில் நடந்தவை. பேசாத குழந்தைகளுக்கு எண்ணத்தைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டுப் படிப்படியாகப் பழக்குவதையும் பட அட்டவணையையும் மட்டும் கொண்ட எளிய வடிவம் தேவைப்படும். அவர்களை வரிசையிலிருந்து விலக்கிவிடக் கூடாது. ஓர் ஓசை உண்மையிலேயே காதில் வலியாகப் பாய்கிறது என்றால், அதைத் தாங்கப் பழக்குவது சிகிச்சை ஆகாது. அங்கே ஓசையைத்தான் குறைக்க வேண்டும். கை உதறுவதையும் தனியே முணுமுணுப்பதையும் நிறுத்துவதற்கு இந்தச் சிகிச்சையின் பெயரை ஒருவரும் பயன்படுத்த விடக் கூடாது. மற்றவர் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிவதற்காகத் தன்னை நாளெல்லாம் மறைத்துக்கொள்ளும் குழந்தையின் பதற்றம் கூடுமே தவிரக் குறையாது.

எந்த ஏட்டிலும் இல்லாத கேள்வி ஒன்று இந்தக் கடற்கரைக்கே உரியதாக இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தெருவில் ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். மறுநாள் காலையில் திரும்ப வேண்டிய படகு திரும்பாவிட்டால் அவன் சோறு உண்ணான், ஒரே கேள்வியை நூறு முறை கேட்பான், கையைக் கடித்துக்கொள்வான். அவனிடம் போய், 'உன் எண்ணம் மிகைப்படுத்தப்பட்டது, அதற்குச் சான்று உண்டா' என்று ஏட்டில் உள்ளபடி கேட்க முடியுமா? இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகுகளின் பட்டியல்தான் சான்று. இராமேசுவரம் தீவில் அது பிழையான எண்ணம் இல்லை. இங்கே சிகிச்சை செய்ய வேண்டியது அச்சத்தைப் பொய் என்று நிறுவுவது அன்று. அவன் அம்மாவும் நானும் மதுரையில் கற்றதை வைத்து ஓர் அட்டை எழுதினோம்: படகு தாமதமானால் முதலில் யாரைக் கேட்பது, எத்தனை மணிக்கு அடுத்த செய்தி வரும், அதுவரை எங்கே உட்கார்ந்திருப்பது, மணிக்கு ஒருமுறை கேள்வி கேட்கலாம், இடையில் கேள்வியை எழுதி டப்பாவில் போடலாம் என்று. 'அப்பா கண்டிப்பாக வந்துவிடுவார்' என்ற வரியை நாங்கள் எழுதவில்லை. எங்களால் உறுதி சொல்ல முடியாத ஒன்றை எழுதி, அவன் அட்டையையே நம்பாமல் போவதற்கு வழிசெய்ய நாங்கள் விரும்பவில்லை. கையைக் கடிப்பது குறைந்திருக்கிறது. ஆனால் நாங்கள் இருவரும் பயிற்சி பெற்றவர்கள் இல்லை; நாளை வேறொரு குழந்தைக்கு இதைச் செய்து தீங்கு விளைவித்துவிடுவோமோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது.

எனவே கேட்கிறேன். புதிய கட்டடமோ புதிய துறையோ நாங்கள் கேட்கவில்லை. 2022 இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. வட்டார வள மையங்கள்தோறும் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். எங்கள் குழந்தைகளைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குத் தெரிந்தவர்கள் அவர்கள்தாம். மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையில் ஒருவரேனும் ஆட்டிசத்துக்கு ஏற்ற சி.பி.டி.யில் முறையான பயிற்சி பெற்று, கடலோர ஒன்றியங்களான திருவாடானை, மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி ஆகியவற்றின் சிறப்பாசிரியர்களுக்குக் கற்பித்து, மாதந்தோறும் அவர்களுடைய வேலையைப் பார்வையிடட்டும். பயிற்சிக்கு முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனத்தை அணுகலாம். பல்வகைக் குறைபாடு உடையோருக்காக ஒன்றிய அரசு 2005 முதல் நடத்திவரும் அந்நிறுவனம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. உளவியல் பட்டம் பெறாதவர்கள் இதைச் செய்ய முடியுமா என்ற ஐயம் எழலாம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசக் குழந்தைகளின் தகவல்தொடர்பை வளர்க்கும் பெற்றோர்வழிப் பயிற்சி ஒன்றை, வல்லுநர் அல்லாத நலப்பணியாளர்களைக் கொண்டே நடத்திப் பயன் கண்ட ஆய்வு 2016 இல் வெளிவந்திருக்கிறது. அது அச்சத்துக்கான சிகிச்சை அன்று; ஆயினும், மேற்பார்வை சரியாக இருந்தால் நம்மைப் போன்ற இடங்களிலும் வழி உண்டு என்பதற்கு அது சான்று.

காலம் பற்றியும் ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். இத்தகைய பயிற்சிகளுக்குப் பெரும்பாலும் அம்மாக்கள் மட்டுமே வருகிறோம். சுற்றுவழியில் ஆட்டோ ஓட்டியது என் ஒருத்தியின் முடிவு இல்லை என்பதால், அதை நிறுத்துவதும் என் ஒருத்தியால் ஆகாது. பெற்றோருக்கான முதல் எட்டு வாரங்களைத் தடைக்காலத்தில் வைத்துவிட்டு, பள்ளி திறந்ததும் குழந்தைகளுடன் படிகளைத் தொடங்கினால், கடலோர மாவட்டங்களுக்கே உரிய வாய்ப்பை நாம் பயன்படுத்தியவர்கள் ஆவோம். ஏடுகளை மொழிபெயர்க்க வேண்டாம், இங்கேயே எழுதச் சொல்லுங்கள். கூண்டு எண்ணும், ஓதம் ஏறி வற்றும் நேரமும், வடகடலும் தென்கடலும் தெரிந்த குழந்தைகளுக்கு, பனிமனிதன் படம் போட்ட ஏடு எதற்கு?

ஏர்வாடியைக் குறிப்பிடாமல் இந்தக் கரையிலிருந்து மனநலம் பற்றி எழுத முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் அங்கே மனநலக் காப்பகம் ஒன்றில் தீயில் மாண்டார்கள். அதன்பின் கட்டிவைப்பது குற்றம் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பதினான்கு வயதுப் பையன் இரண்டு ஆண்டுகளாக ஓர் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அவனை ஒருவரும் பூட்டி வைக்கவில்லை. வெளியே போனால் நாய் வரும் என்ற அச்சம், நாய் வராத வீட்டுக்குள் அவனை வைத்திருக்கிறது. அவன் வீட்டாருக்கு அது சிகிச்சை உள்ள ஒன்று என்று சொல்ல ஓர் அலுவலரும் அந்த வாசலுக்கு வந்ததில்லை. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 குறைபாடுகளைக் கணக்கில் எடுத்து, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. அந்தப் பையனுக்கு அந்த உரிமை அறைக் கதவுவரைதான் வந்திருக்கிறது.

இதே கோரிக்கையுடன் எங்கள் பகுதிப் பெற்றோர் ஏழு பேர், வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் வரவிருக்கிறோம். குழந்தைகளை அழைத்து வர மாட்டோம். கூட்டமும் ஒலிபெருக்கியும் எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும் என்று தெரியாத வரிசையும் அவர்களுக்கு எத்தனையாம் எண் கூண்டு என்பதை இந்த மடலைப் படித்த தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தாங்கள் அவர்களைப் பார்க்க விரும்பினால், வேறொரு நாளில், சொன்ன நேரத்தில் தொடங்கிச் சொன்ன நேரத்தில் முடியும்படி, சிறிய அறை ஒன்றில் அரை மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். எந்த அறை, யார் யார் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தந்தால், அதைப் படித்துக்காட்டி அழைத்து வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு தாய், தமிழாசிரியை,
பாம்பன்.